ஹைட்ராலிக் கேமா, சாலிட் கேமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகத்துக்காக எஞ்சின் கட்டுகிறவர்கள் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) வாங்கும் கட்டத்துக்கு வந்ததும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் புஷ்ராட் வி8 எஞ்சின்களை மனதில் வைத்து எழுதியவை. ஓவர்ஹெட் கேமுக்கு, அதாவது கேம் ஹெட்டிலேயே இருக்கும் வகைக்கு, தனியாக ஒரு கேள்வி உண்டு. அளவுகள் எல்லாம் வழக்கமான வரம்புகள். உங்கள் கேமோடு வரும் கேம் கார்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஹைட்ராலிக், சாலிட்... ரெண்டுக்கும் அடிப்படையில என்ன வித்தியாசம்?

கேம்ஷாஃப்ட்டில் உள்ள லோப் எனும் முட்டை வடிவப் புடைப்பு லிஃப்டரைத் தூக்குகிறது. லிஃப்டர் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராட் ராக்கரை அசைக்க, ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கிறது. இது இரண்டிலும் ஒன்றுதான். மாறுவது லிஃப்டரின் உள்பக்கம். சாலிட் லிஃப்டர் நெகிழாத உலோகத் துண்டு. வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வின் முனைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டாக வேண்டும். அதுதான் லாஷ், டேப்பெட் கிளியரன்ஸ் என்றும் சொல்வார்கள். பாகங்கள் சூட்டில் விரியும்போது இந்த இடைவெளி இல்லையென்றால் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், கடைசியில் வால்வே எரிந்துபோகும்.

ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் ஒரு பிளஞ்சர், ஒரு சின்ன ஸ்பிரிங், ஒருவழி வால்வு ஆகியவை இருக்கின்றன. எஞ்சின் ஆயில் உள்ளே நிரம்பி பிளஞ்சரை மேலே தள்ளி, இருக்கிற இடைவெளியை அடைத்துவிடும். வால்வு திறக்கும்போது அந்த ஆயில் திரும்பிப் போக வழி இல்லாததால் லிஃப்டர் கிட்டத்தட்டக் கெட்டியான துண்டு போலவே வேலை செய்யும். அந்த ‘கிட்டத்தட்ட’ என்பதில்தான் கீழே வரும் பாதிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன.

அப்போ லிஃப்டரை மட்டும் மாத்தினா போதாதா? கேமும் சேர்த்து மாத்தணுமா?

சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். சாலிட் கேமின் லோப்பில், வால்வு திறக்கத் தொடங்கும் முன்பும் மூடி முடிக்கும் இடத்திலும் மெதுவாக ஏறி இறங்கும் ஒரு சரிவு இருக்கும். லாஷை அடித்துத் திறக்காமல் மெல்ல எடுத்துக்கொள்வதற்காகவே அது. ஹைட்ராலிக் கேமில் இடைவெளியே இல்லை என்பதால் அந்தச் சரிவு குட்டையாக இருக்கும்.

சாலிட் கேமில் ஹைட்ராலிக் லிஃப்டரைப் போட்டால் அந்த நீண்ட சரிவு முழுவதும் வால்வுக்குப் போய்ச் சேரும். வால்வு சீக்கிரமே திறந்து தாமதமாக மூடும், ஐடில் கெட்டுப்போகும். மறுபக்கம், ஹைட்ராலிக் கேமில் சாலிட் லிஃப்டரை மிகக் குறைந்த லாஷோடு ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஓடும். ஆனால் வால்வு தன் சீட்டில் (மூடும்போது அது உட்காரும் வளையம்) வந்து மோதும் வேகம் கூடிவிடும். காசு மிச்சம் என்று நினைத்துச் செய்கிற வேலை அது, மிச்சமாவது அபூர்வம்.

ரோலர் கேம்னு சொல்றாங்களே, அது மூணாவது வகையா?

இல்லை, அது வேறு கேள்விக்கான பதில். ஹைட்ராலிக்கா சாலிட்டா என்பது லிஃப்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்பது. ஃபிளாட்டா ரோலரா என்பது லோப்பைத் தொடும் அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்பது. ஆக, மொத்தம் நான்கு சேர்க்கைகள்: ஹைட்ராலிக் ஃபிளாட், சாலிட் ஃபிளாட், ஹைட்ராலிக் ரோலர், சாலிட் ரோலர்.

ஃபிளாட் லிஃப்டர், ஃபிளாட் டேப்பெட் என்றும் சொல்வார்கள், பெயருக்குத்தான் தட்டை. அதன் அடிப்பகுதி மிக லேசாகப் புடைத்திருக்கும், லோப்பும் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். அதனால்தான் லிஃப்டர் தன் துளைக்குள் சுழன்றுகொண்டே ஓடுகிறது. சுழல்வது நின்றால் லோப் தேய்ந்துவிடும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: லோப் எவ்வளவு வேகமாக லிஃப்டரைத் தூக்கலாம் என்பதை லிஃப்டரின் விட்டம் முடிவு செய்கிறது. ஷெவர்லே வி8-இல் அது 0.842 அங்குலம், ஃபோர்டில் 0.874, கிரைஸ்லரில் 0.904. கிரைஸ்லர்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமான ஃபிளாட் கேம் கிடைப்பது அதனால்தான். ரோலரில் சக்கரம் உருளுவதால் அந்தத் தடை இல்லை, ஃபோர்டின் 5.0 வி8 1985-லும் ஷெவர்லே ஸ்மால் பிளாக் 1987-லும் தொழிற்சாலையிலிருந்தே ஹைட்ராலிக் ரோலருக்கு மாறத் தொடங்கின.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எது அதிக பவர் தரும்?

ஒரே ஆர்பிஎம் எல்லைக்குள், வால்வு ஒரே அளவு திறந்து ஒரே நேரம் திறந்திருந்தால், சிலிண்டருக்குள் போகும் காற்றுக்கு லிஃப்டர் என்ன வகை என்று தெரியாது. பவரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். சாலிட்டின் லாபம் இரண்டு இடங்களில் வருகிறது: வால்வை இன்னும் வேகமாகத் திறந்து மூடும் லோப்பைப் பயன்படுத்தலாம், அதைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அழுத்தமான ஸ்பிரிங்கையும் போடலாம். இரண்டின் பலனும் மேல் ஆர்பிஎம்மில்தான் தெரியும்.

ஹைட்ராலிக் என்றால் சோம்பேறி எஞ்சின் என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம் போதும். கார்வெட் இசட்06-இல் வந்த 7.0 லிட்டர் எல்எஸ்7 எஞ்சின் ஹைட்ராலிக் ரோலர் கேமோடு 505 குதிரைத்திறன் தந்தது. அதன் ரெட்லைன் 7,000 ஆர்பிஎம். இன்டேக் வால்வுகளை டைட்டானியத்தில் செய்து எடையைக் குறைத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஹைட்ராலிக் ஏன் மேல் ஆர்பிஎம்ல திணறுது? லிஃப்டர் பம்ப்-அப்னா என்ன?

வால்வு லோப்பின் பாதையை விட்டுப் பறப்பதை வால்வு ஃப்ளோட் என்பார்கள். ஸ்பிரிங்கால் அடக்க முடியாத வேகம் வரும்போது இது நடக்கும். அந்தக் கணத்தில் ராக்கர், புஷ்ராட் பக்கம் தளர்ச்சி உண்டாகிறது. சாலிட் லிஃப்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஹைட்ராலிக் லிஃப்டரோ, ‘இடைவெளி வந்துவிட்டது, அடைக்க வேண்டும்’ என்று தன் வேலையைச் செய்யும்: பிளஞ்சர் மேலே ஏறும், ஆயில் உள்ளே புகும். இப்போது லிஃப்டர் நீண்டுவிட்டதால் லோப்பின் வட்டப் பகுதிக்கு வந்தாலும் வால்வு முழுசாக மூடாது. பவர் சட்டென்று விழும். கேஸ் பெடலைவிட்டுக் கொஞ்ச நேரம் கழிந்து ஆயில் கசிந்து வெளியேறினால்தான் பழைய நிலைக்கு வரும். இதுதான் பம்ப்-அப்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். ஸ்பிரிங் அழுத்தம் அதிகமாக இருந்தால் பிளஞ்சர் கீழே அமுங்கி ஆயில் கசியும். ஆயிலில் காற்றுக் குமிழ்கள் கலந்திருந்தால் அந்த நுரை அமுங்கிக்கொடுக்கும். இரண்டிலும் வால்வு லிஃப்டும் (திறக்கும் உயரம்) டியூரேஷனும் (திறந்திருக்கும் காலம், டிகிரியில்) குறைகின்றன. போதாததற்கு ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர் எடையும் கூடியது.

ஆனால் ஒன்று: பம்ப்-அப் நோயல்ல, அறிகுறி. முதலில் வால்வு கட்டுப்பாட்டை இழக்கிறது, அதற்குப் பிறகே லிஃப்டர் பம்ப்-அப் ஆகிறது. “லிஃப்டர் பம்ப்-அப் ஆகுது, சாலிட்டுக்கு மாறப்போறேன்” என்று வருபவர்கள் முதலில் தங்கள் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். களைத்துப்போன ஸ்பிரிங்கையும் வளையும் மெலிந்த புஷ்ராடையும் மாற்றினாலே பல எஞ்சின்கள் கூடுதலாகச் சில நூறு ஆர்பிஎம் சுத்தமாக ஏறும்.

எந்த ஆர்பிஎம்முக்கு மேல சாலிட் கட்டாயம்?

புஷ்ராட் எஞ்சினுக்குத் தோராயமாகச் சொல்லலாம். ஹைட்ராலிக் ஃபிளாட் 6,000 முதல் 6,500 வரை. நன்றாகக் கட்டிய ஹைட்ராலிக் ரோலர் 6,500 முதல் 7,000, நவீன எஞ்சின்களில் அதற்குச் சற்று மேலும். சாலிட் ஃபிளாட் 7,000 முதல் 7,500. அதையும் தாண்டினால் சாலிட் ரோலர்.

என்னைக் கேட்டால், கேட்க வேண்டிய கேள்வி எஞ்சின் எவ்வளவு ஏறும் என்பதல்ல, நீங்கள் எவ்வளவு நேரம் அங்கே ஓட்டுவீர்கள் என்பதுதான். கியர் மாற்றும் கணத்தில் மட்டும் 6,800-ஐத் தொட்டுவிட்டு வரும் காருக்கு சாலிட் தேவையில்லை. ஒரு பந்தயம் முழுக்க 6,000-க்கும் 8,000-க்கும் நடுவில் வாழும் எஞ்சினுக்குத் தேவை.

கேட்டலாக்ல ரெண்டு கேமுக்கும் ஒரே டியூரேஷன் போட்டிருக்கு. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பலர் வழுக்கி விழும் இடம் இது. முதல் விஷயம், விளம்பர டியூரேஷன் எந்த உயரத்தில் அளக்கப்பட்டது என்பது. ஹைட்ராலிக்குக்குப் பெரும்பாலும் 0.006 அங்குல லிஃப்டர் உயர்வில் அளப்பார்கள்; சாலிட்டுக்கு 0.015 அல்லது 0.020 அங்குலத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. 0.050 அங்குலத்தில் அளந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

அப்புறம், அந்த எண்ணும் லோப்பில் அளந்தது. லாஷை அது கழிப்பதில்லை. லாஷ் தீரும் வரை வால்வு அசையாது என்பதால், 0.050 எண் ஒன்றாகவே இருந்தாலும் சாலிட் கேம் ஓட்டத்தில் சுமார் 8 முதல் 10 டிகிரி சின்ன கேம் போல நடந்துகொள்ளும். லிஃப்டும் அப்படித்தான். லோப் உயர்வு 0.350 அங்குலம், ராக்கர் விகிதம் (அந்த உயர்வை ராக்கர் எத்தனை மடங்காக்குகிறது என்பது) 1.5 என்றால் கணக்கில் வருவது 0.525. லாஷ் 0.016 என்றால் வால்வு உண்மையில் திறப்பது 0.509. ஹைட்ராலிக்கிலிருந்து மாறுகிறவர்கள் அதே எண்ணுள்ள சாலிட் கேமை வாங்கிவிட்டு “முன்னைவிட சாதுவா இருக்கே” என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

சாலிட் போட்டா அடிக்கடி டேப்பெட் செட் பண்ணிக்கிட்டே இருக்கணுமாமே?

அந்தப் பயம் பழைய காலத்து லாக் இல்லாத ராக்கர் நட்டுகளிலிருந்து வந்தது. கேம் பழகி முடிந்ததும் ஒருமுறை, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொருமுறை பாருங்கள். நல்ல பாலி-லாக் நட்டுகள் (தளராமல் பூட்டிக்கொள்பவை), உறுதியான ஸ்டட்டுகள் இருந்தால் அதற்குப் பிறகு லாஷ் பெரிதாக நகராது. தெருவில் ஓடும் காருக்கு ஆயில் மாற்றும்போது பார்த்தால் போதும். பந்தயக் காரை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் பார்ப்பார்கள், பெரும்பாலும் சரிசெய்வதற்காக அல்ல, கண்டுபிடிப்பதற்காக. ஒரே ஒரு வால்வின் லாஷ் மட்டும் திடீரென்று கூடியிருந்தால் லோப் தேய்கிறது, அல்லது ரோலரின் பேரிங் போகிறது. குறைந்திருந்தால் வால்வு சீட்டுக்குள் அமிழ்கிறது. ஹைட்ராலிக் இந்தச் செய்தியை உங்களிடமிருந்து மறைத்துவிடும்.

இருந்தாலும் இது வேலைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பேர்பெற்ற 426 ஹெமியைக்கூட கிரைஸ்லர் 1970-இல் சாலிட்டிலிருந்து ஹைட்ராலிக்குக்கு மாற்றியது. வால்வு கவரைக் கழற்றுவதே எரிச்சலாக இருக்கும் என்றால் சாலிட் உங்களுக்கு வேண்டாம்.

லாஷை எப்படி செட் பண்றது? சூட்டுலயா, ஆறின பிறகா?

கேம் கார்டில் இருப்பது பெரும்பாலும் சூடான எஞ்சினுக்கான அளவு. முதன்முதலில் கட்டும்போது எஞ்சின் ஆறித்தானே இருக்கும். அதற்கு ஒரு வழக்கமான திருத்தம் உண்டு. பிளாக், ஹெட் இரண்டும் இரும்பு என்றால் 0.002 அங்குலம் கூட்டுங்கள். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட் என்றால் 0.006 குறையுங்கள். இரண்டும் அலுமினியம் என்றால் 0.012 குறையுங்கள். அலுமினியம் எஃகு புஷ்ராடைவிட அதிகம் விரிவதால் சூட்டில் லாஷ் கூடிவிடும் என்பதே காரணம். பிறகு சூட்டில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஆறியதும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை கை சுட்டுக்கொள்ள வேண்டாம்.

முறை எளிது. சிலிண்டர் சிலிண்டராகப் போங்கள். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது இன்டேக் லாஷை வையுங்கள். இன்டேக் வால்வு முழுசாகத் திறந்து கிட்டத்தட்ட மூடிவிட்ட நேரத்தில் எக்ஸாஸ்ட் லாஷை வையுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு நகர வேண்டும்.

ஹைட்ராலிக்னா அட்ஜஸ்ட்மெண்ட்டே கிடையாதுதானே?

கட்டும்போது ஒருமுறை உண்டு. இடைவெளி சரியாகப் பூஜ்யமாகும் இடத்திலிருந்து பிளஞ்சரை இன்னும் கொஞ்சம் உள்ளே அமுக்கி வைக்க வேண்டும், அது ப்ரீலோட். பல லிஃப்டர்களுக்கு 0.020 முதல் 0.060 அங்குலம் வரை. பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கப் புஷ்ராடை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் நிற்கும் இடம் பூஜ்யம். சுழற்றிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஷெவர்லேயின் எல்எஸ் வகை போல ராக்கரில் திருகு இல்லாத எஞ்சின்களில் ப்ரீலோடை முடிவு செய்வது புஷ்ராடின் நீளம்தான். ஹெட்டைச் சீவினாலோ கேஸ்கட் தடிமனை மாற்றினாலோ புஷ்ராடை மறுபடி அளக்க வேண்டும்.

சாலிட் ரோலரை தினமும் ரோட்டுல ஓட்டலாமா?

ஓட்டுகிறவர்கள் உண்டு, நான் பரிந்துரைப்பது அரிது. சாலிட் ரோலரின் ஸ்பிரிங் வால்வு மூடியிருக்கும்போதே 200 பவுண்டுக்கு மேல் அழுத்தும், முழுசாகத் திறந்த நிலையில் 500-ஐத் தாண்டும். ஹைட்ராலிக் ரோலரில் இது பொதுவாக 120 முதல் 150, திறந்தால் 300 முதல் 400. அவ்வளவு சுமையையும் லிஃப்டர் சக்கரத்துக்குள் இருக்கும் குட்டி ஊசி பேரிங்குகள் தாங்க வேண்டும். லாஷ் இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின்மேல் ஒரு தட்டும் விழுகிறது.

பேரிங்கைக் கொல்வது பெரும்பாலும் மேல் ஆர்பிஎம் அல்ல, ஐடில். கேம் பக்கம் ஆயில் தெறித்து வருவது கிராங்க்ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போதுதான். போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரில் அந்த மழை நின்றுவிடும். ஊசிகள் உடைந்தால் எஃகுத் துண்டுகள் எஞ்சின் முழுக்கச் சுற்றும். ரோட்டில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் பேரிங்குக்கு நேரடியாக அழுத்த ஆயில் கொண்டுபோகும் லிஃப்டரோ, ஊசிக்குப் பதில் புஷ்ஷிங் (உருளும் ஊசிகள் இல்லாத உலோக வளையம்) வைத்ததோ வாங்குங்கள். ஸ்பிரிங்கும் ரோட்டுக்கென்று வடிவமைத்த மிதமான லோப்பும் சேர்ந்தே வர வேண்டும்.

புது ஃபிளாட் டேப்பெட் கேம் போட்டேன், ஒரே வாரத்துல லோப் தேஞ்சு போச்சு. ஏன்?

ஹைட்ராலிக்கோ சாலிட்டோ, ஃபிளாட் கேமின் தலைவிதி முதல் 20–30 நிமிடத்தில் முடிவாகிறது. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில், கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். சற்றுமுன் சொன்ன ஆயில் தெறிப்புக் கதை இங்கும் பொருந்தும். லோப்பிலும் லிஃப்டர் அடியிலும் அசெம்பிளி பேஸ்ட், துத்தநாகம்–பாஸ்பரஸ் சேர்க்கை அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில், இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவது ஆகிய மூன்றையும் தவறாமல் செய்யுங்கள். நவீன கார் ஆயில்களில் அந்தச் சேர்க்கை குறைக்கப்பட்டிருக்கிறது.

பழைய லிஃப்டரைப் புது கேமில் போட்டிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். ஃபிளாட் லிஃப்டர் எந்த லோப்போடு பழகியதோ அதோடு மட்டும்தான் வாழும்.

லாஷைக் கூட்டிக் குறைச்சு டியூன் பண்ணலாமாமே?

சாலிட்டின் சின்னச் சந்தோஷங்களில் ஒன்று இது. லாஷைக் குறைத்தால் வால்வு சற்று முன்பே திறந்து சற்றுப் பின்னால் மூடும், கேம் கொஞ்சம் பெரிதானது போல. கூட்டினால் கீழ் ஆர்பிஎம் இழுவை கொஞ்சம் ஏறும். கார்டில் உள்ள எண்ணிலிருந்து 0.004 அங்குலத்துக்கு மேல் விலகாதீர்கள். மேலே சொன்ன சரிவுக்கு வெளியே போனால் பாகங்கள் அடிவாங்கும். எந்தப் பக்கம் நகர்த்தும்போது கார் வேகமானதோ, அடுத்த கேம் எந்தப் பக்கம் வாங்க வேண்டும் என்பதற்கு அது ஒரு துப்பு.

டிக் டிக்னு சத்தம் வருதே, அது சரியா?

சாலிட்டில் சீரான டிக் டிக் இயல்பு. 1967–69 கமாரோ இசட்/28-இன் 302 எஞ்சினுக்குத் தொழிற்சாலை லாஷே 0.030 அங்குலம், அது அமைதியாக ஓடினால்தான் கவலைப்பட வேண்டும். ஹைட்ராலிக்கில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கேட்டால் பரவாயில்லை. சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் ப்ரீலோட், ஆயில் அழுத்தம், லிஃப்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

ஓவர்ஹெட் கேம் எஞ்சினுக்கும் இதே கணக்குதானா?

கொள்கை அதே, எண்கள் வேறு. புஷ்ராட் இல்லாததால் அசையும் எடை குறைவு. ஹைட்ராலிக்கே வெகுதூரம் போகும். பிஎம்டபிள்யூ எம்3-இல் வந்த எஸ்65 வி8 ஹைட்ராலிக் டேப்பெட்டோடு 8,400 ஆர்பிஎம் தொட்டது. நிஸ்ஸானில் நியோ வகைக்கு முந்தைய ஆர்பி25டிஇடி ஹைட்ராலிக், ஆர்பி26டிஇடிடி சாலிட். டொயோட்டா 2ஜேஇசட்-ஜிடிஇ ஷிம் (லாஷை வைக்கும் மெல்லிய தகடு) வைத்த சாலிட் பக்கெட், அதாவது கிண்ணம் போன்ற டேப்பெட். ஹோண்டா எஸ்2000-இன் எஃப்20சி 9,000 வரை ஏறும், அதில் லாஷைத் திருகில் வைக்கலாம். ஷிம் வகையில் லாஷ் மாற்றக் கேமையே கழற்ற வேண்டிவரலாம் என்பதால் வாங்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ராலிக் ரோலர்ல இருந்து சாலிட் ரோலருக்கு மாறினா கேம், லிஃப்டர் தவிர வேற என்ன செலவு வரும்?

ஸ்பிரிங், ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் தொப்பி), தடித்த புஷ்ராட், திருகு உள்ள ராக்கர், அதைத் தாங்கும் ஸ்டட். டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள எஞ்சின் என்றால் எஃகு கேமுக்குப் பொருந்தும் கியரும் வேண்டும். சாதாரண இரும்பு கியர் அரைபட்டுவிடும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைத் திரும்ப அளந்தே ஆக வேண்டும்: இன்டேக் 0.080, எக்ஸாஸ்ட் 0.100 அங்குலமாவது இருக்கட்டும். இந்த அளவை ஹைட்ராலிக் எஞ்சினில் எடுக்கும்போது ஒரு தந்திரம்: முழு ஸ்பிரிங்கோடு சுற்றினால் ஆயில் இல்லாத லிஃப்டர் அமுங்கி, இடைவெளி இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். மெல்லிய சோதனை ஸ்பிரிங்கைப் போட்டு அளங்கள்.

ப்ரீலோடைக் கிட்டத்தட்ட பூஜ்யமா வச்சா ஹைட்ராலிக்கும் சாலிட் மாதிரி ஓடுமாமே?

ஓரளவு உண்மை. பம்ப்-அப் என்பது பிளஞ்சர் மேலே ஏறுவது. ஏற்கெனவே அது உச்சியில் இருந்தால் மேலும் ஏற இடமில்லை, வால்வு திறந்தே நிற்பதும் இல்லை. ஹைட்ராலிக் லிஃப்டர்தான் போட வேண்டும் என்று விதி இருக்கும் பந்தயப் பிரிவுகளில் இது பழைய உத்தி. பிளஞ்சரின் நகர்வைக் குறைத்துச் செய்த குறுநகர்வு லிஃப்டர்களும் இதே நோக்கத்துக்காகவே விற்கப்படுகின்றன.

அலுமினிய பிளாக்கில் மட்டும் கவனம். எஞ்சின் சூடாகி விரிந்ததும் அந்தக் கொஞ்ச ப்ரீலோடும் போய் லாஷாகிவிடும். பிளஞ்சர் தன்னைப் பிடித்திருக்கும் கிளிப்பில் போய் மோதத் தொடங்கும். சாதாரண லிஃப்டரில் அந்த இடத்தில் இருப்பது மெல்லிய கம்பி வளையம், கழன்று வெளியே வந்துவிடும். கெட்டியான ஸ்னாப் ரிங் வைத்த லிஃப்டராக இருந்தால் மட்டும் இதை முயலுங்கள்.